டபிள்யூ124 பென்ஸுக்கு ஃபியூயல் பார்ட்ஸ் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டபிள்யூ124 என்பது எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் நடு வரை வந்த பென்ஸ் கார் மாடல். அதை வைத்திருப்பவர்கள், செகண்ட்ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள், அப்பாவின் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கப் பார்ப்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் பார்ட்ஸ் வாங்கியபிறகு கேட்கிறார்கள், அதுதான் சிக்கல். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் பெட்ரோல் வண்டி முதலில், டீசல் பின்னால்.

அண்ணா, ஃபியூயல் சிஸ்டம்னா பம்பும் ஃபில்டரும்தானே?

அந்த இரண்டும் கண்ணில் படுபவை. டேங்கின் அடியில் ஒரு வலை இருக்கிறது, அதிலிருந்து ரப்பர் ஹோஸ், அப்புறம் பம்ப், ஃபில்டர், முன்பக்கம் போகும் லைன், இஞ்செக்டர்கள், மிச்ச பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன். பம்பை ஓட வைக்கும் ரிலேவையும் இதில்தான் சேர்க்க வேண்டும். டபிள்யூ124-இல் பம்பும் ஃபில்டரும் டேங்குக்குள் இல்லை. வண்டிக்கு அடியில், பின் ஆக்ஸிலுக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதனால் மாற்றுவது சுலபம். மழைத் தண்ணீரும் சேறும் அடிப்பதும் அங்கேதான்.

என் வண்டியில என்ன சிஸ்டம் இருக்குன்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கறது?

பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பக்கம் பாருங்கள். ஓர் உலோகக் கட்டியின் (இதுதான் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர்) தலையிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக மெல்லிய லைன் போனால் அது பாஷ் கம்பெனியின் கேஇ-ஜெட்ரானிக், சுருக்கமாக கேஇ. 230இ, 260இ, 300இ என்று இறக்குமதியாகி வந்த பழைய வண்டிகளில் இதுதான். அப்படி இல்லாமல், ஒரே குழாயில் இஞ்செக்டர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளக் செருகியிருந்தால் அது எலக்ட்ரானிக் இஞ்செக்‌ஷன். 1995-இல் புனேயில் அசெம்பிள் செய்து விற்ற இ220 இந்த வகை. அதோடு வந்த இ250டி டீசல். வெளிநாட்டிலிருந்து வந்த சில பழைய 200 மாடல்களில் கார்புரேட்டரே உண்டு.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். கேஇ-யில் சிஸ்டம் பிரஷர் 5.4 பார் (பிரஷரை அளக்கும் அலகு) அளவில் இருக்கும். இ220-இல் மூன்றிலிருந்து நான்கு பார்தான். பம்பைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து எல்லாமே இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

"124 பென்ஸ், பெட்ரோல்"னு சொன்னா கடைக்காரருக்குத் தெரியாதா?

தெரியும். தெரிந்ததில் எது ஸ்டாக்கில் இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுப்பார். சேசிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். டபிள்யூடிபி என்ற மூன்று எழுத்துகளுக்குப் பிறகு வரும் ஆறு இலக்கம்தான் மாடல்: 124022 என்றால் இ220, 124030 என்றால் 300இ. பின்னால் ஒட்டியிருக்கும் பேட்ஜை நம்ப வேண்டாம். 200-ஐ வாங்கி 300 பேட்ஜ் ஒட்டியவர்கள் நம் ஊரில் நிறைய.

அடுத்து பார்ட் நம்பர். பென்ஸ் நம்பர் 'ஏ' என்ற எழுத்தில் ஆரம்பித்து பத்து இலக்கம் வரும். பாஷ் நம்பரும் பத்து இலக்கம்தான். அதில் 0 580 என்று ஆரம்பித்தால் பம்ப், 0 450 என்றால் ஃபில்டர், 0 280 150 என்றால் எலக்ட்ரானிக் இஞ்செக்டர், 0 437 என்றால் கேஇ வகை இஞ்செக்டர். பழைய பார்ட்டைக் கழற்றித் துடைத்து, அதிலிருக்கும் நம்பரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் யாராவது தப்பான பார்ட்டை மாட்டியிருக்கவும் கூடும். அதனால் அந்த நம்பர் உங்கள் சேசிஸ் நம்பருக்கு ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். கம்பெனி பழைய நம்பரை நிறுத்திவிட்டுப் புது நம்பர் கொடுத்திருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும்.

கம்பெனி பெட்டியில வர்றதுக்கும் பாஷ் பெட்டியில வர்றதுக்கும் விலை இவ்வளவு வித்தியாசமா? எது ஒரிஜினல்?

பல சமயம் உள்ளே இருப்பது ஒரே பொருள். பென்ஸ் கம்பெனி பம்ப் தயாரிப்பதில்லை, பாஷிடம் வாங்குகிறது. ஸ்டார் போட்ட பெட்டியில் வந்தால் ஒரு விலை, பாஷ் பெட்டியில் வந்தால் இன்னொரு விலை. சில பார்ட்டுகளில் ஸ்டார் முத்திரை இருந்த இடம் சுரண்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்து டூப்ளிகேட் என்று பயப்பட வேண்டாம், சப்ளையரே செய்வதுதான். ஃபில்டரில் பாஷ், மான், மாலே, ஹெங்ஸ்ட் எல்லாமே சரி. வாஷர், சீல் வகையில் எல்ரிங், விக்டர் ரைன்ஸ் நல்லவை.

கம்பெனி பெட்டிக்கே காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது, வளைத்து முனையில் உலோகம் பூட்டிய ஹோஸ்களுக்கு. வெளியில் அதே வடிவத்தில், அதே தரத்தில் கிடைப்பது கஷ்டம். ஃபில்டருக்குக் கம்பெனி பெட்டி தேவையில்லை.

டூப்ளிகேட் பாஷ் பம்பை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

முதல் அடையாளம் விலை. எல்லாக் கடையிலும் ஒரு விலை சொல்ல, ஒருவர் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குத் தருகிறார் என்றால் அதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு? அப்புறம் உடம்பில் அடித்திருக்கும் எழுத்து. நல்ல பம்பில் நம்பர் கூர்மையாக, ஒரே ஆழத்தில் பதிந்திருக்கும். ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி, உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் யோசியுங்கள். பெட்டியில் ஒரு நம்பரும் பம்பில் வேறு நம்பரும் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பில் தர மறுக்கும் கடையில் பம்ப் வாங்காதீர்கள்.

வண்டி வழியில நின்னுபோச்சு. பம்ப் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றார். மாத்திடலாமா சார்?

அளந்து பார்த்துச் சொல்கிறாரா, அனுபவத்தில் சொல்கிறாரா என்று கேளுங்கள். அனுபவம் நல்லதுதான். ஆனால் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும். பம்புக்கு வரும் வயரில் வோல்ட் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் ரிலே. இந்த வண்டிகளின் ஃபியூயல் பம்ப் ரிலேக்குள் இருக்கும் சின்ன போர்டில் சால்டர் நாளடைவில் விரிசல் விடும். காலையில் ஓடும், சூடானால் நிற்கும், ஆறவிட்டால் மறுபடி ஓடும். கழற்றி, மூடியை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி முடி போல ஒரு வட்டம் தெரியும். டிவி ரிப்பேர்காரரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் சால்டர் வைத்துத் தந்துவிடுவார்.

வோல்ட் வருகிறது, பம்பும் ஓடுகிறது என்றால் எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். கேஇ வண்டியில் ரிட்டர்ன் லைனைக் கழற்றி ஒரு கேனில் விட்டால் 40 விநாடிக்குள் ஒரு லிட்டர் வர வேண்டும். குறைவாக வந்தால் உடனே பம்பைக் குற்றம் சொல்ல வேண்டாம். டேங்கின் வலையும் ஃபில்டரும் அடைத்திருந்தாலும் இப்படித்தான் வரும். இதையெல்லாம் செய்யும்போது பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம், ஸ்டாண்ட் வைக்கவும்.

பழைய ஃபில்டரை மாத்தினதும் தூக்கிப் போட்டுடலாம்ல?

போடுவதற்கு முன் ஒரு வேலை. பெட்ரோல் உள்ளே வரும் முனையைக் கீழே சாய்த்து, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். செம்மண் நிறத் தூள் வந்தால் டேங்க் துருப்பிடிக்கிறது. கறுப்புத் துகள் வந்தால் எங்கோ ஒரு ஹோஸ் உள்பக்கமாக உதிர்கிறது. அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து நின்றால் தண்ணீர். அடுத்து எதை வாங்க வேண்டும் என்பதைக் கிண்ணமே சொல்லிவிடும்.

புது ஃபில்டர் மாட்டும்போது இரண்டு சின்ன விஷயங்கள். ஃபில்டருக்கும் அதைப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை வரும். பழையது கிழிந்திருக்கிறது என்று மெக்கானிக் அதை விட்டுவிடுவார். உறை இல்லாவிட்டால் இரண்டு உலோகமும் நேராக உரசி, ஈரத்தில் ஃபில்டர் உடம்பு அரித்து ஓட்டை விழும். இன்னொன்று, போல்டின் இரு பக்கமும் வரும் செம்பு வாஷர்கள். ஒருமுறை நசுங்கிய வாஷரை மறுபடி போடாதீர்கள். சில ரூபாய்ப் பொருள்.

மாருதி பம்ப் மலிவா கிடைக்குது. கொஞ்சம் ஆல்டர் பண்ணிப் போட்டா ஓடாதா?

கேஇ வண்டியில் ஓடாது. மாருதி மாதிரி வண்டிகளின் டேங்க் பம்ப் தருவது மூன்று பார் சுற்றுவட்டாரம். மேலே சொன்ன 5.4 பாருக்கு அது எட்டாது. முக்கி முனகி ஐட்லிங் நிற்கலாம், லோடு ஏறினால் இழுக்காது. இ220-க்கு பிரஷர் கிட்டத்தட்ட பொருந்தும் என்பதால் சிலர் போட்டு ஓட்டுகிறார்கள். ஆனால் டேங்குக்குள் பெட்ரோலில் முழுகி இருக்கச் செய்த பம்பை வெளியே கட்டித் தொங்கவிட்டால் அது சூட்டிலேயே சீக்கிரம் போய்விடும். வயர் ஜாயின்டும் ஹோஸ் ஜாயின்டும் வண்டிக்கு அடியில் புதிதாக முளைக்கும். எனக்கு அந்த ஜாயின்டுகளைப் பார்த்தாலே பயம்.

காலையில ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுது. கடைக்குப் போய்ட்டு வந்து திருப்பினா இழுத்துக்கிட்டே இருக்கு. பம்பா?

பம்ப் ஓடுகிறது என்பதற்குக் காலை ஸ்டார்ட்டே சாட்சி. இது பிரஷர் தங்காத பிரச்சினை. எஞ்சினை நிறுத்தியபிறகும் லைனில் கொஞ்சம் பிரஷர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைன் முழுக்கக் குமிழாகிவிடும். கேஇ-யில் இதற்கென்றே பம்புக்குப் பக்கத்தில் அக்யுமுலேட்டர் என்று ஓர் உருண்டை டப்பா இருக்கிறது, உள்ளே ஸ்பிரிங்கும் சவ்வும். சவ்வு கிழிந்தால் பிரஷர் தங்காது. இரண்டாவது சந்தேகம் பம்பின் வாயில் இருக்கும் செக் வால்வ். பல பம்புகளில் அது தனியாகத் திருகிக் கழற்றும் பார்ட், தனியாகவே விற்கிறார்கள். இதற்காக முழு பம்பை வாங்கியவர்கள் பலர். மூன்றாவது, சொட்டும் இஞ்செக்டர்.

எது என்று பிரிக்க கேஜை மாட்டி எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். அரை மணி கழித்தும் இரண்டரை பார் அளவில் நின்றால் நல்லது. விழுந்தால் லைனை ஒவ்வொரு பகுதியாக அடைத்து, எங்கே அடைத்தால் விழுவது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இ220-இல் அக்யுமுலேட்டர் கிடையாது. செக் வால்வும் பிரஷர் ரெகுலேட்டரும் இஞ்செக்டரும்தான் சந்தேகத்துக்குரியவை.

இப்போ பங்க்ல எல்லாமே எத்தனால் கலந்த பெட்ரோல்தான். என் வண்டி தாங்குமா?

இந்தக் கேள்விதான் இப்போது அதிகம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023-இல் பங்குகளுக்கு வர ஆரம்பித்தது, 2025-இல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. டபிள்யூ124 செய்த காலத்தில் இந்த அளவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எஞ்சின் ஓடும். அடி வாங்குவது ரப்பர். அந்தக் கால நைட்ரைல் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்பும், வண்டி ஓடாமல் நின்று காய்ந்தால் வெடிப்பு விடும். அதோடு பழைய டேங்கில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த அழுக்கை எத்தனால் கரைத்து இழுத்துவந்து ஃபில்டரில் சேர்க்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றுங்கள், கிண்ணத்தில் ஊற்றியும் பாருங்கள்.

வாங்க வேண்டியது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று உடம்பிலேயே அச்சடித்த ஹோஸ். உள் சுவர் ஃபுளோரோ ரப்பர், எத்தனாலைத் தாங்கும், இஞ்செக்‌ஷன் பிரஷருக்கும் உரியது. ஆர்6, ஆர்7 என்று இருப்பவை கார்புரேட்டர் காலத்து லோ பிரஷர் ஹோஸ்கள். "ஃபியூயல் ஹோஸ்" என்று மட்டும் போட்டு வேறெதுவும் இல்லாத சுருளிலிருந்து வெட்டித் தருவதை வாங்காதீர்கள். கிளிப்பும் முக்கியம். பட்டையில் கோடு கோடாக வெட்டிய சாதாரண ஸ்க்ரூ கிளிப் ரப்பரை அறுக்கும். வழவழப்பான பட்டை உள்ள இஞ்செக்‌ஷன் கிளிப் கேளுங்கள்.

இதெல்லாம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ஹோஸுக்கும் ரிட்டர்ன் ஹோஸுக்கும்தான். கேஇ-யில் பம்புக்கு அப்புறம் வரும் ஹோஸ்கள் முனையில் உலோகம் நசுக்கிப் பூட்டியவை. அந்த இடத்தில் மீட்டர் கணக்கு ஹோஸை வெட்டி கிளிப் போடவே கூடாது. சூடான எஞ்சின் மேல் அது கழன்றால் தீதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குக் காசு செலவழிக்கலாம் என்றால் எல்லா ஹோஸையும் மாற்றச் சொல்வேன், பம்ப் நன்றாக ஓடினாலும்.

எத்தனாலுக்கு ட்யூனிங் மாத்தணுமா?

எத்தனால் எரிய பெட்ரோலை விடக் குறைவான காற்று போதும். அதனால் அதே அளவு எரிபொருள் போனால் கலவை மெலியும். லாம்டா சென்சார் (எக்ஸாஸ்டில் ஆக்சிஜனை அளப்பது) உள்ள வண்டி தன் எல்லைக்குள் தானே சரிசெய்துகொள்ளும். சென்சார் இல்லாத கேஇ வண்டியில் ஐட்லிங் தடுமாறினால், கலவை ஸ்க்ரூவை எக்ஸாஸ்ட் கேஸ் அனலைசர் வைத்துக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும். காதால் கேட்டுத் திருப்புபவரிடம் கொடுக்காதீர்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதற்கு எந்தப் பார்ட்டும் மருந்தில்லை.

கேஇ-ல அந்த ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர் லீக் ஆகுது. பிரிச்சு ஓ-ரிங் மாத்தித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார்...

எந்த இடத்தில் லீக் என்று பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் கறுப்பு நிற ஆக்சுவேட்டர் அடியில் கசிந்தால் அதன் இரண்டு ஓ-ரிங்கை மாற்றினால் போதும், கவனமான கை உள்ள யாரும் செய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் நடு உடம்பைப் பிரிப்பது வேறு சங்கதி. உள்ளே மெல்லிய சவ்வும் மயிரிழை அளவு வெட்டிய துளைகளும் இருக்கின்றன. சேர்த்து மூடியபின் எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு போகிறதா என்று பெஞ்சில் அளந்து சரிசெய்ய வேண்டும். அந்த பெஞ்ச் இல்லாதவர் பிரித்தால் லீக் நிற்கும், மிஸ்ஸிங் ஆரம்பிக்கும். அளந்த ரிப்போர்ட்டோடு வரும் ரீகண்டிஷன் யூனிட் வாங்குவதுதான் சரி. பழையதைக் கொடுத்தால் விலையில் கழிக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதனால் பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நாலு இஞ்செக்டர்ல ஒண்ணுதான் சரியில்ல. ஒண்ணை மட்டும் மாத்தலாமா?

இ220-இல் முதலில் நான்கையும் கழற்றி அல்ட்ராசானிக் கிளீனிங் கொடுத்து, ஓட்டம் அளக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அத்தோடு வேலை முடிந்துவிடும். ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போடவும், ஃபுளோரோ ரப்பரில். அளந்தபிறகும் ஒன்று தனியாக நின்றால் அதை மட்டும் மாற்றலாம். கேஇ இஞ்செக்டர் விலை அவ்வளவு அதிகமில்லை, தேய்மானமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே நடக்கும். அதனால் செட்டாக மாற்றுங்கள். அவை உட்காரும் ரப்பர் வளையங்கள் கல்லாக இறுகியிருக்கும், அங்கிருந்து காற்று இழுத்தாலும் ஐட்லிங் ஆடும். சில சமயம் வளையத்தை மாற்றியதும் இஞ்செக்டரே நல்லதாகிவிடுகிறது.

புதுப்பேட்டைல எல்லாமே கிடைக்குதே, எதுக்கு இவ்வளவு செலவு?

கிடைக்கிறது, சென்னையின் பழைய பார்ட்ஸ் சந்தை ஆயிற்றே. துருப்பிடிக்காத டேங்க், பிடிக்கும் பட்டைகள், இஞ்செக்டர் ரெயில், வண்டிக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடி எல்லாம் அங்கே வாங்கலாம், பேரம் பேசித்தான். பழைய பம்ப், அக்யுமுலேட்டர், ரப்பர் எதையும் வாங்காதீர்கள். கழற்றிய பம்புக்குள் பெட்ரோல் காய்ந்து துரு ஏறியிருக்கும். பன்னிரண்டு வோல்ட் கொடுத்துச் சுற்றிக் காட்டுவார்கள். சுற்றுவது வேறு, லோடில் 5.4 பார் தருவது வேறு.

நம்மது இ250டி. ராத்திரி நிறுத்தினா காலைல ரொம்ப நேரம் சுத்துது. பம்ப் கேலிபரேஷன் போகணுமா?

கொஞ்சம் பொறுங்கள். டீசல் எஞ்சினில் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் லைன்கள் இருக்கும். எஞ்சின் ஓடும்போது அவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழ் ஓடினால் ஏர் பிடிக்கிறது. லைன் முனைகளிலும் ஷட்-ஆஃப் வால்விலும் உள்ள ஓ-ரிங் இறுகிப்போனதுதான் வழக்கமான காரணம். வெளியே டீசல் சொட்ட வேண்டும் என்பதில்லை, உள்ளே காற்று இழுத்தாலே போதும். ஒரு செட் ஃபுளோரோ ரப்பர் ஓ-ரிங், தேவைப்பட்டால் லைன்கள், இஞ்செக்டர்களுக்கு நடுவில் போகும் துணி சுற்றிய சின்ன ரிட்டர்ன் ஹோஸ்கள். மொத்தமாக மாற்றினாலும் கேலிபரேஷன் செலவில் ஒரு துண்டுதான். அதற்குப் பிறகும் இழுத்தால், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் க்ளோ பிளக்கை செக் செய்யுங்கள். இரண்டும் சரி என்றால்தான் டீசல் பம்பையும் இஞ்செக்டர் நுனியான நாசிலையும் சரிசெய்யும் பம்ப் நாசில் கடை.

நாசில் கடையில "மைக்கோ நாசில் போட்டுத் தர்றேன்"னு சொல்றாங்க, சரியா?

மைக்கோ என்பது பாஷ் கம்பெனியின் பழைய இந்தியப் பெயர், 2008-இல்தான் பாஷ் லிமிடெட் ஆனது. அதனால் பெயரில் பிரச்சினையில்லை, நம்பர் சரியா என்பதுதான் கேள்வி. வெளி அளவு ஒத்துவந்தாலும் ஸ்ப்ரே வேறாக இருக்கலாம். கழற்றிய நாசிலின் நம்பரோடு ஒப்பிட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே பிரஷரில் திறக்கும்படி செட் செய்து, அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். இஞ்செக்டருக்கு அடியில் வரும் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். பழையதையே மறுபடி போட்டால் கம்ப்ரெஷன் கசியும்.

பம்ப், ஃபில்டர், இஞ்செக்டர், எல்லாம் மாத்தியாச்சு. இ220 இன்னும் மிஸ் ஆகுது. என்னதான் பண்றது?

இனி ஃபியூயல் பார்ட் எதுவும் வாங்காதீர்கள். எஞ்சின் வயரிங்கைப் பாருங்கள். தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்த பென்ஸ் எஞ்சின் ஹார்னஸ்களில் (வயர்க் கட்டுகளில்) வயர் மேல் உள்ள இன்சுலேஷன் சூட்டில் உதிர்ந்துவிடும். இஞ்செக்டர் பிளக் பக்கத்தில் கறுப்பு உறையைக் கொஞ்சம் விலக்கி வயரை மெல்ல வளையுங்கள். பிஸ்கட் மாதிரி நொறுங்கினால் காரணம் அதுதான். வயரோடு வயர் தொட்டு, மிஸ்ஸிங்கிலிருந்து பம்ப் நிற்பது வரை எல்லா வேஷமும் போடும். டேப் சுற்றிச் சமாளிக்க முடியாது. புது ஹார்னஸோ, புது வயரில் மறுபடி கட்டிய ஹார்னஸோதான் வழி. லேபிளில் அந்தக் காலத்துக்குப் பிந்தைய வருடம் எழுதிய ஹார்னஸ் ஏற்கெனவே மாட்டியிருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

கேஇ வண்டியிலும் இதே மாதிரி ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: ஐட்லிங் மோசம், கூடவே ஏபிஎஸ் லைட்டும் எரிகிறது என்றால் ஓவர்வோல்டேஜ் ரிலேவைப் பாருங்கள். அதன் தலையில் ஒரு ஃபியூஸ் இருக்கும். பல சமயம் அந்த ஃபியூஸ் மட்டும்தான் போயிருக்கும்.

இனிமே பார்ட்ஸ் கிடைக்காம போயிடுமோன்னு பயமா இருக்கு. மொத்தமா வாங்கி வச்சுக்கலாமா?

இரும்பும் எலக்ட்ரிக்கலும் வைக்கலாம்: செக் வால்வ், ரிலே, செம்பு வாஷர், ஒன்றிரண்டு ஃபில்டர். ரப்பர் வேண்டாம், பெட்டியில் இருந்தாலும் வயதாகும். ஹோஸ் வாங்கும்போதே தயாரித்த தேதியைப் பாருங்கள். பம்பை வருடக்கணக்கில் அலமாரியில் வைப்பதை விட, வண்டியில் மாட்டி ஓட்டிவிட்டு, கழற்றிய நல்ல பம்பில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரு முனையும் மூடி வைப்பது மேல். டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியது ஸ்பேர் ரிலே ஒன்று, ஃபியூஸ்கள், ஒரு மீட்டர் ஆர்9 ஹோஸ், இரண்டு கிளிப். ஹைவேயில் டோ வண்டிக்குக் காத்திருக்கும்போது இவற்றில் ஒன்றுதான் தேவைப்படும்.